பிள்ளை பிறந்த பிறகும் ஒரு இரத்தப் பரிசோதனை

(றிச்மண்ட் ஹில்லில் நடைபெற்ற எமது சங்கத்தின் மகளிர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பேச்சு நடை கூடியவரை மாற்றப்படாமல் இங்கு தரப்படுகிறது.)



சித்திரை வருசம் பிறக்கப்போகுது, வீட்டுக்கு வீடு பயற்றம் பணியாரமும் அரியதரமும் சுடுகிற நேரத்திலை, சீனி வருத்தத்தைப் பற்றிக் கதைக்க ஒரு ஆள் வந்திருக்குது எண்டு நீங்கள் நினைக்கக்கூடும். பலகாரத்துக்குத் தடை போட நான் வரவில்லை. ஒரேயொரு இரத்தப் பரிசோதனையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நான் டொக்டர் இல்லை. கிளினிக்குகளில் எங்கட சனத்துக்கு மொழிபெயர்க்கிற வேலை என்னுடையது. எனவே சொல்லிலேயே தொடங்குகிறேன்.

பிள்ளைத்தாச்சிக்கு இரத்தத்தில் சீனி கூடினால் அதற்கு ‘ஜெஸ்ரேஷனல் டயபீற்றிஸ்’ என்று டொக்டர்மார் சொல்லுவார்கள். அதை நாங்கள் ‘கர்ப்பகாலச் சீனி வருத்தம்’ என்று பெயர்க்கிறோம். பெயர்ப்பில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்கிற பெண் என்ன விளங்கிக்கொள்கிறாள்? கர்ப்பகாலத்தில் வந்தது, கர்ப்பகாலம் முடியப் போய்விடும். “அது பிள்ளையோட வந்தது, பிள்ளையோட போட்டுது” என்று சொல்லாத வீடு எங்களுக்குள் குறைவு. இந்த ஒரு வசனத்தைத்தான் இன்றைக்கு நான் மறுத்துப் பேசப்போகிறேன்.

முதலில், இது ஏன் வருகிறது? நஞ்சுக்கொடி, ஊரில் இளங்கொடி என்றும் சொல்லுவோம், அது பிள்ளைக்குச் சாப்பாடு கடத்துகிற குழாய் மட்டுமல்ல. அது தானே பல ஓமோன்களைச் சுரக்கிறது. அவை தாயின் உடம்பில் இன்சுலின் வேலை செய்வதை மந்தப்படுத்துகின்றன. இது நோயல்ல, இயற்கையின் ஏற்பாடு. தாயின் இரத்தத்தில் சீனி கொஞ்சம் நேரம் நின்றால்தானே பிள்ளைக்குப் போய்ச் சேரும். அந்த மந்தத்தை ஈடுகட்டத் தாயின் சதையி, அதாவது கணையம், இரண்டு மூன்று மடங்கு இன்சுலினைச் சுரக்கவேண்டும். பெரும்பாலான பெண்களுக்கு அது இயலும். சிலருக்கு இயலாது. இயலாதவர்களுக்குத்தான் சீனி ஏறுகிறது. கவனியுங்கோ: நஞ்சுக்கொடி புதிதாக ஒரு வருத்தத்தைக் கொண்டுவந்து போடவில்லை. ஏற்கெனவே கொஞ்சம் களைத்திருந்த சதையியை அது காட்டிக்கொடுக்கிறது. பாரம் ஏற்றினால்தானே வண்டிலின் அச்சு எப்படிப்பட்டது என்று தெரியும்!

பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதை 1950களின் தொடக்கத்தில் கொப்பன்ஹேகனில் ஜோர்கன் பீடர்சன் என்ற மருத்துவர் விளக்கினார். தாயின் சீனி நஞ்சுக்கொடியைக் கடந்து பிள்ளைக்குப் போகும். தாயின் இன்சுலின் கடக்காது. ஆகவே வயிற்றிலுள்ள பிள்ளை தன் சொந்தச் சதையியைக் கொண்டு அந்தச் சீனியைச் சமாளிக்கப் பார்க்கிறது. கூடுதலான இன்சுலின் சுரந்து, கொழுப்பு வைத்து, தோள் அகன்று வளருகிறது. பிரசவம் கடினமாகிறது. கொப்பூழ்க்கொடியை வெட்டியவுடன் தாயிடமிருந்து வந்த சீனி நின்றுவிடும், ஆனால் பிள்ளையின் இன்சுலின் உடனே நிற்காது. அதனால்தான் பிறந்த பிள்ளையின் குதிக்காலில் குத்திக் குத்திச் சீனி பார்க்கிறார்கள். “பச்சைப் பிள்ளையை ஏன் இப்பிடிக் குத்தினம்?” என்று அம்மம்மாமார் கோபப்படுகிறார்கள். காரணம் இதுதான்.

சரி, எவ்வளவு சீனி இருந்தால் கூட? அந்தக் கோட்டை யார் கீறினது? இந்தக் கதை கொஞ்சம் நீளம், ஆனால் எங்களுக்கு மிகவும் வேண்டிய கதை.

1964இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஓசலிவன், மஹான் என்ற இருவர் 752 பிள்ளைத்தாச்சிகளுக்குக் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து இரத்தம் பார்த்து ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோட்டுக்கு மேலே நின்ற பெண்களில் யாருக்கு வருங்காலத்தில் நிரந்தரமான சீனி வருத்தம் வரும் என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. பிள்ளை பெரிதாகப் பிறக்குமா, சிசேரியன் தேவைப்படுமா என்பதெல்லாம் அந்தக் கோட்டுக்கு அடிப்படையே அல்ல. அதாவது இந்தப் பரிசோதனை முதன்முதலில் வகுக்கப்பட்டதே தாயின் பிற்காலத்தை அறிவதற்காக. அறுபது வருசத்துக்கு மேலாகிவிட்டது. இன்று எங்கட வீடுகளில் அதே பரிசோதனையைப் பிள்ளைக்காக என்று செய்து, தாயின் பிற்காலத்தை மறந்துவிடுகிறோம்.

பிள்ளைக்கு எந்த அளவில் ஆபத்துத் தொடங்குகிறது என்று பார்க்கப் பிறகு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 9 நாடுகள், 15 நிலையங்கள், இருபத்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள். ரொறன்ரோவும் அதில் ஒரு நிலையம். 2008இல் முடிவு வெளிவந்தது. இந்த அளவுக்குக் கீழே பயமில்லை, மேலே பயம் என்று சொல்லக்கூடிய படிக்கட்டு எதுவும் தென்படவில்லை. சீனி ஏற ஏற, மெல்ல மெல்ல, ஒரு சரிவுப் பாதை போல ஆபத்தும் ஏறுகிறது. ஆகவே கோடு என்பது மனிதர் பேசி முடிவெடுத்துப் போட்ட கோடு. அதனால்தான் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அந்த 15 நிலையங்களில் இந்தியாவிலோ இலங்கையிலோ பாகிஸ்தானிலோ பங்களாதேசிலோ ஒன்றும் இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். உலகத்தில் இந்த வருத்தம் மிகக் கூடுதலாக உள்ள சனங்களில் ஒரு சனத்தின் ஊரை விட்டுவிட்டுத்தான் உலகத்துக்கான கோடு பேசப்பட்டது. எனக்கு இது சரியாகப் படவில்லை.

வைத்தியம் செய்தால் பலனுண்டா என்று கேட்டால், உண்டு. பெரும்பாலும் அவுஸ்திரேலியாவில், 1,000 பெண்களை வைத்துச் செய்து 2005இல் வெளியான ஆய்வில், உணவு ஆலோசனை, சீனி பார்த்தல், தேவைப்பட்டால் இன்சுலின் என்று கவனித்தபோது, பிள்ளைகளுக்கு வந்த பாரதூரமான பாதிப்புகள் நூற்றுக்கு நாலிலிருந்து ஒன்றாகக் குறைந்தன. இன்சுலின் ஊசி என்றதும் “ஒருக்கால் போட்டால் சாகும் வரைக்கும் போடவேணும்” என்று பயப்படுகிறவர்களுக்கு: அப்படியில்லை. அநேகமானோருக்குப் பிள்ளை பிறந்தவுடன் நிறுத்திவிடுவார்கள். 1921இல் இன்சுலினைக் கண்டுபிடித்தது இந்த ரொறன்ரோ சர்வகலாசாலையில்தான். அது பிறந்த ஊரில் இருந்துகொண்டு அதற்குப் பயப்படுகிறோம்!

இனி எங்கட சனத்தின் கணக்குக்கு வருவோம். முதலில் சென்னைக்குப் போகவேணும். டொக்டர் வீ. சேஷய்யா என்பவர் சென்னையில் பல்லாண்டு காலம் இந்த ஒரு விடயத்துக்காகவே உழைத்தவர். அவரும் குழுவினரும் தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரம் பிள்ளைத்தாச்சிகளைப் பரிசோதித்து 2008இல் வெளியிட்ட கணக்கு: நகரத்தில் நூற்றுக்கு 17.8, சிறுநகரங்களில் 13.8, கிராமங்களில் 9.9 பேருக்கு இந்த வருத்தம். கிராமத்துப் பெண்களிலும் பத்துக்கு ஒருவர்!

சேஷய்யாவின் முறையில் எனக்குப் பிடித்த ஒரு விடயம் உண்டு. தூரத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பெண்ணிடம் “வெறும் வயிற்றோடு நாளைக்கு வா” என்றால் அவள் வரமாட்டாள். ஆகவே சாப்பிட்டிருந்தாலும் சரி, சாப்பிடாவிட்டாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணித்தியாலம் கழித்து ஒரே தடவை இரத்தம் பார்ப்பது. 140 அல்லது அதற்கு மேலென்றால் வருத்தம் என்று கொள்வது. 2014இல் இந்திய நடுவண் அரசின் வழிகாட்டியிலும் இது இடம்பெற்றது. அதே 2014இல் அதே சென்னையில் டொக்டர் வீ. மோகனின் குழு இதை மறுத்தும் எழுதியது. வெறும் வயிற்றோடு பார்த்தால் பிடிபடுகிற பல பெண்கள் இந்த முறையில் தப்பிவிடுகிறார்கள் என்பது அவர்கள் வாதம். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. நூறு பேரில் பாதிப்பேர் வந்து செய்கிற திறமான பரிசோதனையோ, நூறு பேரும் வந்து செய்கிற சுமாரான பரிசோதனையோ நல்லது? நீங்களே யோசியுங்கோ.

இலக்கத்தில் ஒரு குழப்பம் உண்டு. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் 140 என்கிறார்கள். இங்கே 7.8 என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான், அளவை வேறு. இங்கத்தைய இலக்கத்தை 18ஆல் பெருக்கினால் அங்கத்தைய இலக்கம் வரும். “தங்கச்சிக்கு ஊரில் 150, எனக்கு எட்டுத்தானே, எனக்கு ஒன்றுமில்லை” என்று ஆறுதல்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எட்டு 144!

இந்த நாட்டில் வழமை என்னவென்றால், 24 கிழமைக்கும் 28 கிழமைக்கும் இடையில் 50 கிராம் குளுக்கோஸ் பானம் தருவார்கள். ஒரு மணித்தியாலம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 7.8க்குக் கீழே என்றால் சரி. 11.1 அல்லது கூட என்றால் வருத்தம் உண்டு. இடையில் நின்றால் இன்னொரு நாள் வெறும் வயிற்றோடு போய் 75 கிராம் குடித்து இரண்டு மணித்தியாலம் இருந்து செய்கிற பெரிய ரெஸ்ற். சத்தி வரும், அலுப்பான வேலைதான். ஆனாலும் செய்யவேணும்.

மக்மாஸ்ரர் சர்வகலாசாலையின் டொக்டர் சோனியா ஆனந்த் குழுவினர், பிறம்ரன், மிசிசாகா அடங்கிய பீல் பகுதியில் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட தெற்காசியத் தாய்மாரைப் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்குக் கர்ப்பகாலச் சீனி இருந்தது. அந்தக் கணக்குக்கு அவர்கள் பாவித்த கோடு கொஞ்சம் பதிந்த கோடு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இங்கிலாந்தின் பிறட்போட் நகர ஆய்விலிருந்து அதை எடுத்தார்கள். அங்கே வெள்ளைக்காரப் பெண்களைவிடக் குறைந்த சீனியிலேயே தெற்காசியப் பெண்களின் பிள்ளைகளுக்குப் பாதிப்புத் தொடங்குகிறது என்று கண்டிருந்தார்கள். அதே பீல் ஆய்வு இன்னொன்றும் சொன்னது: கர்ப்பத்துக்கு முந்தைய உடல் நிறையையும் உணவின் தரத்தையும் திருத்தினால் இந்த வருத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவிர்க்கலாம். ஆனால் அது பீல். ஸ்காபுறோ, மார்க்கம், றிச்மண்ட் ஹில் தமிழ்ப் பெண்களைத் தனியே எண்ணிய கணக்கல்ல. அதை மனதில் வைத்திருங்கோ, திரும்பி வருவேன்.

இதற்கு நேரெதிரான கவலை ஒன்றும் எங்கட வீடுகளில் உண்டு. “பிள்ளை சின்னன், நிறை காணாது” என்று ஸ்கானில் சொல்லிவிட்டார்கள் என்ற கவலை. ரொறன்ரோ சென்ற் மைக்கல்ஸ் ஆஸ்பத்திரியின் டொக்டர் ஜோயல் றேயும் மற்றவர்களும் ஒன்ராறியோவில் 2002 முதல் 2007 வரை பிறந்த ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் நிறையை, தாய் பிறந்த நாட்டுப்படி பிரித்துப் பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். தெற்காசியத் தாய்மாரின் பிள்ளைகள் இயல்பாகவே நிறை குறைந்தவை. கனடாவில் பிறந்த தாய்மாரின் அளவுகோலால் அளந்தால் சுகமாக இருக்கிற எங்கட பிள்ளைகள் பலவற்றுக்கு ‘சின்னப்பிள்ளை’ என்று முத்திரை விழும். பயமும் வீண் பரிசோதனையும் மிச்சம்.

இதைக் கேட்டுவிட்டு “அப்ப பயமில்லை” என்று கிடக்கவும் ஏலாது. பூனேயில் டொக்டர் யாஜ்னிக் குழுவினர் அந்தப் பகுதிப் பிள்ளைகளை இங்கிலாந்தின் சவுதம்ரன் பிள்ளைகளோடு ஒப்பிட்டு 2003இல் எழுதினார்கள். பூனேப் பிள்ளை சராசரி 2.7 கிலோ, சவுதம்ரன் பிள்ளை 3.5 கிலோ. ஆனால் குறைந்தது தசையும் உறுப்புகளும். தோலுக்குக் கீழ் உள்ள கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. பார்க்க மெலிவு, உள்ளே கொழுப்பு. பின்னாளில் எங்களுக்குச் சீனி வருத்தம் வெள்ளைக்காரரைவிட இளவயதில், மெலிந்த உடம்பிலும் வருவதன் வேர் அங்கேயே இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. ஆகவே அம்மம்மாமார் தயவுசெய்து “ரெண்டு பேருக்குச் சாப்பிடு” என்று சோற்றைக் குவிக்கவேண்டாம். நிறையைச் சோற்றாலே ஏற்றினால் ஏறுகிறது பெரும்பாலும் கொழுப்புத்தான்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

ரொறன்ரோ மவுன்ற் சைனாய் ஆஸ்பத்திரியின் டொக்டர் டெனிஸ் ஃபீக் குழுவினர், 1995க்கும் 2002க்கும் இடையில் ஒன்ராறியோவில் பிள்ளை பெற்ற எல்லாப் பெண்களின் பதிவுகளையும் எடுத்துப் பார்த்து 2008இல் வெளியிட்டார்கள். கர்ப்பகாலச் சீனி இருந்தவர்களில் பிரசவமாகி ஒன்பது மாதத்தில் நூற்றுக்கு 3.7 பேருக்கு நிரந்தரச் சீனி வருத்தம் வந்திருந்தது. ஐந்து வருசத்தில் 13. ஒன்பது வருசத்தில் கிட்டத்தட்ட 19. ஐந்தில் ஒருவர்! இது எல்லா இனத்தவரையும் சேர்த்த கணக்கு. பிள்ளையோடு வந்தது பிள்ளையோடு போகவில்லை.

அதனால்தான் கனடாவின் வழிகாட்டி சொல்கிறது: பிரசவமாகி ஆறு கிழமைக்கும் ஆறு மாதத்துக்கும் இடையில் மறுபடியும் 75 கிராம் குளுக்கோஸ் ரெஸ்ற் செய்யவேணும். ஓஹிப் காட் இருந்தால் காசில்லை. ஆனால் அதைச் செய்கிறவர்கள் எத்தனை பேர்? என் வேலையில் நான் பார்க்கிற மட்டில், மிகச் சொற்பம். காரணம் அலட்சியம் மட்டுமல்ல. பிரசவ டொக்டரின் பொறுப்பு ஆறாம் கிழமையோடு முடிகிறது. குடும்ப டொக்டருக்குக் கடுதாசி சில வேளை போகும், சில வேளை போகாது. தாய்க்கோ நித்திரையில்லை, பால் கொடுக்கவேணும், மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவேணும், வெளியே சினோ. விசிற்றர் விசாவில் பத்தியம் காய்ச்ச வந்த அம்மா திரும்பிப் போகிற நாள் நெருங்குகிறது. வெறும் வயிற்றோடு லாப்பில் இரண்டு மணித்தியாலம் குந்தியிருக்க யாரால் ஏலும்? அந்த இரண்டு மணித்தியாலம் பிள்ளையை வைத்திருக்க ஒரு ஆள் வேணும். ஐயாமாரே, உங்களைப் பின்வரிசையில் நிற்பாட்டி இவ்வளவு நேரமும் கேட்க வைத்தது இதற்குத்தான்.

நாளை ஞாபகம் வைக்க ஒரு வழி. 31 கழித்துப் பிள்ளையை இந்த றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோகிறோம் அல்லவா? அதற்கு அடுத்த அலுவலாக லாப்பை எழுதிவையுங்கோ. 42 நாள் முடிந்தால் போகலாம். துண்டை ஆஸ்பத்திரியால் வரமுன்னமே டொக்டரிடம் கேட்டு வாங்கி, பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கோ.

பத்தியத்தைப் பற்றி ஒரு சொல். மருந்துச் சரக்கு, உள்ளி, மீன், முருங்கையிலை போட்ட பத்தியக் கறியில் சீனி எங்கே இருக்கிறது? அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. குறை அதோடு வருகிற சோற்று மலையிலும், மூன்று கரண்டி சீனி போட்ட மால்ற் பானத்திலும், கட்டிலை விட்டு இறங்காமல் கிடத்துவதிலும்தான். அமெரிக்காவில் நடந்த பெரிய தடுப்பு ஆய்வொன்றில், முன்பு கர்ப்பகாலச் சீனி இருந்து, பிறகு சீனி எல்லையில் நின்ற பெண்கள் நடையாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் வருத்தத்தை ஏறக்குறைய அரைவாசியாகக் குறைத்துக் காட்டினார்கள். கிழமைக்கு 150 நிமிசம் நடை, அவ்வளவுதான். குளிர் காலத்தில் மோலுக்குள்ளே நடக்கலாம். கடைகளுக்குள் மட்டும் போகாமல் இருந்தால் காசும் மிச்சம்.

இனி, திரும்பி வருவேன் என்று சொன்ன விடயம். ஆராய்ச்சிக்கு ஆள் கேட்கும்போது எங்கட பெண்கள் பெரும்பாலும் மறுத்துவிடுகிறார்கள். “கையெழுத்து வைச்சால் இமிகிறேசனுக்குப் போகுமோ?” “இரத்தத்தை எடுத்து என்ன செய்யப்போகினமோ?” அகதியாக வந்த மனிசருக்குப் படிவம் என்றால் பயம். அந்தப் பயத்தை நான் பரிகசிக்கமாட்டேன். அது எங்களுக்குச் சும்மா வந்ததல்ல. ஆனால் இதைத் தெரிந்துகொள்ளுங்கோ: ஆராய்ச்சிப் படிவத்தில் நீங்கள் எப்போதும் விலகிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கவேணும், விலகினாலும் உங்கட வைத்தியம் குறையக்கூடாது, அதை மேற்பார்க்க ஒரு நெறிமுறைக் குழு இருக்கவேணும். விளங்கவில்லையென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்க உரிமை உண்டு. வாசித்து விளங்கி, பிறகு வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லுங்கோ. வாசிக்காமலே மறுத்தால், பொஸ்ரனிலும் பிறட்போட்டிலும் கீறின கோட்டால்தான் எங்கட மகள்மாரையும் அளப்பார்கள்.

ஓஹிப் காட் இன்னும் கிடைக்காத சகோதரிகள் யாரும் இருந்தால்: ஒன்ராறியோவில் 1994 முதல் மிட்வைஃப் சேவை அரசாங்கச் செலவில் நடக்கிறது, காட் இல்லாதவர்களையும் அவர்கள் இலவசமாகப் பார்க்கலாம். காசுக்குப் பயந்து ஏழாம் மாதம்வரை வீட்டில் இருக்கவேண்டாம்.

பேச்சு முடிந்தபின் ஒரு அம்மா எழும்பிக் கேட்டா: “எனக்குப் பிள்ளை பிறந்து இருபத்திரண்டு வருசம். அப்ப சீனி இருந்தது. இப்ப எனக்கு இதைச் சொல்லி என்ன?” அவவுக்குச் சொன்ன மறுமொழியையும் எழுதிவிடுகிறேன். பிந்திப்போகவில்லை. குடும்ப டொக்டரிடம் போய் “எனக்குக் கர்ப்பகாலச் சீனி இருந்தது” என்று அந்த வசனத்தையே சொல்லி, ஏ-வன்-சி பரிசோதனை கேளுங்கோ. அதற்கு வெறும் வயிறும் தேவையில்லை. ஒருமுறை சரியாக இருந்தாலும் இடைக்கிடை திரும்பச் செய்யவேணும். அந்தப் பிள்ளை மகளோ என்று கேட்டேன். மகள்தான், போன ஆவணியில் கலியாணம் முடிந்ததாம். அப்படியென்றால் மகளுக்கும் சொல்லுங்கோ. அவள் உண்டாகும்போது 24 கிழமைவரை காத்திராமல், முதல் முறை டொக்டரிடம் போகிற அன்றைக்கே “அம்மாவுக்கு இருந்தது” என்று சொல்லி இரத்தம் பார்க்கக் கேட்கட்டும்.